சுற்றறிக்கையில் விடுபட்ட விறகு

திருச்சபையின் சேகர அலுவலகங்களுக்குப் புதிதாக வந்திருக்கும் எழுத்தர்களே, ஞானஸ்நானப் பதிவேட்டை எப்படி எழுதுவது, திருமண அறிவிப்பை எத்தனை ஞாயிறு வாசிப்பது, கல்லறைத் தோட்ட அனுமதியில் யார் கையெழுத்து முதலில் வர வேண்டும் என்பதை நான் சொல்லப் போவதில்லை. அதற்குக் கையேடு இருக்கிறது. அதில் பாதியை எழுதியவன் நான். மீதிப் பாதியில் உள்ள பிழைகளைக் கண்டுபிடித்தவனும் நானே. கையேட்டில் இல்லாத ஒரு சொல்லைப் பற்றி மட்டும் பேசுகிறேன். 'வழக்கம்போல்' என்ற சொல்.

நான் கடைசியாக வேலை பார்த்த சேகரம் ஆற்றங்கரையில் இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். பாளையங்கோட்டையில் டவுன் பஸ் ஏறினால் ஒரு பக்கம் வாய்க்காலும் ஒரு பக்கம் வாழையுமாக வருமே, அந்தத் தடத்தில் ஒன்று. ஊரில் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு. ஒரே கோயில், ஒரே மணி, ஒரே வேதம். சாதிப் பெயரை அலுவலகத்தில் யாரும் எழுதியதில்லை, சொன்னதும் இல்லை. தெருவைச் சொன்னால் போதும். எங்கள் முன்னோர் ஞானஸ்நானம் எடுத்தபோது தெருவையும் கூட்டிக்கொண்டுபோய் நனைத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். நான் வேறு ஊர்க்காரன். ஆனால் அங்கேயும் எங்கள் வீடு மேலத்தெருவில்தான் இருந்தது. இதைச் சொல்லாமல் மேலே எழுதுவது சரியாகாது.

அந்தச் சபையில் ஆண்டுக்கொருமுறை அசனம் நடக்கும். அசனம் என்றால் சாப்பாடு. சபையார் வீட்டுக்கு ஒரு படி அரிசியாவது கொண்டுவருவார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, பொங்கி, ஆட்டுக்கறிக் குழம்போடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அசனத்துக்கு வருகிற வெளியூர்ப் பிரசங்கியார்கள் இந்தக் காட்சியைப் பார்த்துக் கண்கலங்குவார்கள். அரிசி வந்த வழியை அவர்கள் பார்ப்பதில்லை.

அசனத்துக்கு ஒரு மாதம் முன்பே ஒரு சுற்றறிக்கை அனுப்புவோம். நான் பொறுப்பேற்றபோது கோப்பில் இருந்த பழைய பிரதியை எடுத்து, தேதியை மாற்றி, குருவானவரிடம் கையெழுத்து வாங்கி, ஆராதனையில் வாசிக்கக் கொடுத்தேன். அதில் இரண்டு வரிகள். முதல் வரி: "சபையார் அனைவரும் குடும்பத்துக்கு ஒரு படி அரிசி கொண்டுவர அன்புடன் வேண்டுகிறோம்." இரண்டாவது வரி: "கீழத்தெருக் குடும்பத்தார் வழக்கம்போல் விறகு தந்து உதவுவார்கள்."

எவ்வளவு மரியாதையான வரி பாருங்கள். யாரையும் தடுக்கவில்லை, யாரையும் திட்டவில்லை. உதவுவார்கள் என்று நன்றிகூடத் தொனிக்கிறது. விறகு அடுப்புக்குள் போய்ச் சாம்பலாகிவிடும். அரிசி இலைக்கு வரும். அவ்வளவுதான் விஷயம். பதினோரு ஆண்டுகள் இந்த வரியை நான் தட்டச்சு செய்தேன். அந்தப் பதினோரு ஆண்டில் அதில் நான் செய்த ஒரே திருத்தம், 'வழக்கம் போல்' என்று பிரித்து எழுதியிருந்ததைச் சேர்த்து எழுதியது.

பன்னிரண்டாவது ஆண்டு அசனக் கமிட்டி கேஸ் அடுப்பு வாங்கியது. புகை வேண்டாம், இனி விறகு வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியவன் நான். சுற்றறிக்கை தயாரிக்கும்போது, விறகு தேவையில்லாத இடத்தில் விறகைப் பற்றிய வரி எதற்கு என்று அதை நீக்கினேன். ஒரு நல்ல எழுத்தர் செய்ய வேண்டியதைத்தான் செய்தேன். இரண்டாவது வரி போனதும் முதல் வரிக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது என்பதை மட்டும் நான் கவனிக்கவில்லை. குருவானவர் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். இரண்டு ஞாயிறு ஆராதனையில் வாசித்தார்கள். சபை வாட்ஸ்அப் குழுவிலும் போட்டோம். மேலத்தெருவில் ஒருவரும் கவனிக்கவில்லை. பாதி பேர் வாசித்தாலும் மனப்பாடமான வரியைத்தான் வாசிப்பார்கள். கீழத்தெருவில் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள்.

அசனத்துக்கு முந்தின நாள் காலை. பள்ளிக்கூடக் கூடத்தில் பாய் விரித்து அரிசியைக் குவித்திருந்தோம். அம்பாரத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுத் தங்கராஜ் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். அசனக் கமிட்டித் தலைவர். ஆற்றுப்பாசனத்தில் நெல்லும் வாழையும் உள்ளவர். எந்த வீட்டு அரிசி வந்தது என்று நான் பட்டியலில் குறித்துக்கொண்டிருந்தேன்.

கீழத்தெருவிலிருந்து பாக்கியம் வந்தார். அண்ணாச்சி வயலில் நடவு நடுகிறவர். ஞாயிற்றுக்கிழமைச் சேலை, ஈரத்தலை, இடுப்பில் ஒரு எவர்சில்வர் குத்துப்போணி. இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். அன்றைக்கு என் வாயில் 'நீ' என்றுதான் வந்தது.

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். "என்ன பாக்கியம், இந்த வருசம் விறகு வேண்டாம்னு சொல்லியாச்சுல்லா?"

"தெரியும் அண்ணாச்சி. அரிசி கொண்டாந்திருக்கேன்."

கூடத்தில் இருந்தவர்கள் முதலில் திரும்பிப் பார்த்தது அரிசிக்காக இல்லை. அதுவரை பாக்கியம் அவரை 'மொதலாளி' என்றுதான் கூப்பிடுவார். அண்ணாச்சி என்று கூப்பிட ஊரில் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அன்றுதான் இல்லை என்று தெரிந்தது.

"அரிசியா? யாரு கொண்டாரச் சொன்னா?"

"நோட்டீஸ்ல போட்டிருக்கே. எல்லாரும்னு." சேலைத் தலைப்பிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். நான் அனுப்பிய சுற்றறிக்கை.

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். மறுபடியும் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சார்வாள், இங்கன இன்னொரு வரி இருக்குமே, எங்கவே?"

"விறகு வேண்டாம்னு கமிட்டி தீர்மானம் போட்டுச்சே அண்ணாச்சி. எடுத்துட்டேன்."

"விறகத்தானவே எடுக்கச் சொன்னோம். ஆள ஏன் உள்ள விட்டீரு?"

என் பணிக்காலத்தில் என் வேலையைப் பற்றிச் சொல்லப்பட்ட மிகச் சரியான விமரிசனம் அதுதான்.

பாக்கியம் குத்துப்போணியைக் கீழே வைக்கவில்லை. விஷயம் என்ன என்று பொறுமையாகச் சொன்னார். சுற்றறிக்கையை முதல் ஞாயிறு வாசித்த அதே வாரம், அவருடைய மகள் பிரசவத்தில் இரத்தம் நிற்காமல் பாளையங்கோட்டையில் பெரியாஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, மகள் பிழைத்தால் இந்த அசனத்துக்கு ஒரு படி அரிசி போடுகிறேன் என்று கர்த்தரிடம் பொருத்தனை பண்ணியிருக்கிறார். மகள் பிழைத்துவிட்டாள். அரிசி வந்திருக்கிறது. என் கவனப்பிழையின் மேல் ஒரு பொருத்தனை கட்டப்பட்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

அண்ணாச்சியைக் கெட்டவர் என்று எழுத எனக்கு வசதியில்லை. அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவருடைய கார்தான். அவரும் அதைத்தான் சொன்னார்.

"வண்டி குடுத்தேன்லா பாக்கியம்? நான் உனக்கு வேண்டாதவனா?"

"குடுத்தீங்க. உங்களுக்கும் சேத்துத்தான் ஜெபம் பண்ணுனேன்."

"பொறவென்ன? அரிசிய அங்கன குருவானவர் ஐயா வீட்டுல குடுத்துரு. கர்த்தருக்குக் குடுத்த மாதிரிதான்."

"ஐயா வீட்டுக்குன்னு நேரலயே. அசனத்துக்குன்னுல்லா நேர்ந்தேன்."

"இது என்ன ரகமோ, எப்படி வேகுமோ. கலந்தா சோறு குழைஞ்சிரும்."

"டவுண்ல வாங்குன பொன்னி. இந்தக் குவியல்ல எத்தன ரகம் கெடக்குன்னு நான் சொல்லட்டா? அந்தா ஓரத்துல கெடக்கது உங்க வயல்ல வெளஞ்சது. நட்டது நாந்தான்."

அண்ணாச்சி சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "ஏ, பைய பேசு. நடுதது வேற, அளக்கது வேற."

"போன ஞாயித்துக்கெழம திருவிருந்துல ஒரே பாத்திரத்துலதான குடிச்சோம்?"

"அது கோயிலுக்கு உள்ள."

அவர் அதை யோசித்துச் சொல்லவில்லை. அதனாலேயே அதை நான் மறக்கவில்லை. கிறிஸ்துவின் இரத்தம் என்று நாங்கள் நம்புவதை இரண்டு தெருவும் ஒரே பாத்திரத்தில் குடிக்கலாம். வாசற்படி தாண்டினால் ஒரு படி அரிசியிலும் தீட்டு ஒட்டிக்கொள்ளும். எங்கள் சபையின் இறையியல் மொத்தமும் அந்த மூன்று சொல்லில் அடங்கியிருந்தது. நானும் அதற்குள்தான் பதினோரு ஆண்டுகள் சம்பளம் வாங்கியிருந்தேன்.

இப்போது நான் செய்ததைக் கவனியுங்கள். சங்கடம் வந்தால் எழுத்தர்கள் எங்கே ஓடுவோமோ, அங்கே ஓடினேன். "பாக்கியம், ஒரு மனு எழுதிக் குடு. அடுத்த மாசக் கமிட்டியில வைக்கேன்" என்றேன்.

"அசனம் நாளைக்கு சார்."

அந்த நேரத்தில் குருவானவர் அரிசியின் மேல் ஜெபம் பண்ண வந்தார். வந்து ஆறு மாதம் ஆகாத இளைஞர். நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நடைமுறை என்ன சார்?" என்றார். தெரியாத விஷயத்தில் எல்லோரும் என்னிடம் கேட்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"அந்த வரி விட்டுப்போச்சுன்னு சொல்லும்வே, சோலி முடிஞ்சுது" என்றார் அண்ணாச்சி.

அது உண்மை. உண்மையைச் சொல்ல இவ்வளவு சௌகரியமான தருணம் எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை. "விடுபட்டுவிட்டது ஐயா. பிழை என்னுடையதுதான்" என்றேன். குருவானவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. எழுத்துப்பிழை என்றால் யாருக்கும் பாவமில்லை.

பாக்கியம் குத்துப்போணியை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "சரி சார். நான் பொருத்தனை பண்ணுனது மனுசன்ட்ட இல்ல. அரிசி வேண்டாம், இன்ன காரணத்துக்காக வேண்டாம்னு ஒரு தாள்ல எழுதி, ஐயா கையெழுத்துப் போட்டு, சீல் வச்சுத் தாங்க. நான் ஜெபத்துல கர்த்தர்ட்ட சொல்லிக்கிடுதேன்."

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நேர்ந்ததைச் செலுத்த முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்று சொல்லக் கடமைப்பட்டவர் போலத்தான் நின்றார். எழுத்தில் பதில் கேட்க அவருக்கு உரிமை உண்டு. கையேட்டிலேயே இருக்கிறது, அந்தப் பகுதியை எழுதியவன் நான். குருவானவரும், "எழுதிக் கொடுத்துடுங்க சார்" என்றார்.

சேகரத்தின் பெயர் அச்சடித்த தாள் ஒன்றை எடுத்தேன். தேதி போட்டேன். "தாங்கள் அசனத்துக்குக் கொண்டுவந்த ஒரு படி அரிசியை ஏற்க இயலவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். ஏனெனில்" என்று எழுதினேன். அங்கே பேனா நின்றது.

"காரணம் என்ன போட அண்ணாச்சி? கீழத்தெரு என்று போடட்டா?"

"ஐயையோ. தாள்ல தெருவ எழுதாதீரும்வே. நாளைக்கு எவனாவது போட்டோ எடுத்துப் போடுவான்."

"ரகம் சரியில்லை?"

"குவியலப் பாத்துட்டு எழுதுங்க சார்" என்றார் பாக்கியம்.

"வழக்கம் இல்லை என்று போடலாமா?"

அண்ணாச்சி யோசித்தார். "என்ன வழக்கம்னு கேட்டா?"

"அதையும் எழுத வேண்டியிருக்கும்."

"அப்ப வேண்டாம். நீரு படிச்ச ஆளுல்லா? நாசூக்கா நாலு வார்த்தை போடுமே."

முப்பத்துநான்கு ஆண்டுகள் நாசூக்கான நாலு வார்த்தைகள் போட்டுத்தான் சாப்பிட்டேன். சம்பளம் உயராது என்பதை, இடமாற்றம் கிடைக்காது என்பதை, கல்லறையில் இடம் தர முடியாது என்பதைக்கூட எழுதியிருக்கிறேன். வாங்கியவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்று, எதிரே நிற்கிற ஒருவருக்கு, அவர் கடவுளிடம் வாசித்துக் காட்டப்போகிற கடிதத்தில், அந்த நாலு வார்த்தை வரவில்லை. பொய்யாக எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்ற பயமும் கொஞ்சம் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

பேனாவை மூடினேன். "எனக்கு எழுத வரவில்லை ஐயா" என்றேன். அந்த அலுவலகத்தில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

குருவானவர் தாளை வாங்கிப் பார்த்தார். 'ஏனெனில்' என்ற சொல்லுக்குப் பிறகு இருந்த வெள்ளை இடத்தை நெடுநேரம் பார்த்தார். மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டார். "அப்போ பட்டியல்ல பேரை எழுதுங்க" என்றார். அண்ணாச்சியின் பக்கம் பார்க்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிட்டார்.

எழுதினேன். பாக்கியம், ஒரு படி. அவர் குனிந்து குத்துப்போணியைக் கவிழ்த்தார். அரிசி சரிந்து குவியலோடு சேர்ந்த சத்தம் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது.

அண்ணாச்சி எழுந்தார். "எங்க வீட்டு மூணு மரக்கால் அரிசியத் திருப்பி அளந்து குடும்வே."

"எது உங்க அரிசின்னு காட்டுங்க அண்ணாச்சி. அளந்து தாரேன்."

நான் விறைப்பாகச் சொல்லவில்லை. நடைமுறைச் சந்தேகமாகத்தான் கேட்டேன். அவரும் நிஜமாகவே குவியலைப் பார்த்தார். ஓரத்தில் பார்த்தார், நடுவில் பார்த்தார். சமையலுக்கு வந்தவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மேலத்தெருவில் பதினேழு வீட்டார் பந்திக்கு வரவில்லை. அண்ணாச்சியும் வரவில்லை, அவர் வீட்டுத் தூக்குவாளி வந்தது. அதில் சோறு போட்டுக் கொடுத்தோம். எந்த அரிசி என்று வாளி கேட்கவில்லை. பாக்கியம் மகளோடும் பேரப்பிள்ளையோடும் நடுப்பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். சோறு குழையவில்லை.

இங்கே நிறுத்தினால் நல்ல கதை. உங்களுக்குப் பாடமும் தயார்: ஒரு வழக்கத்தைச் செய்யச் சொன்னால், அதைக் காரணத்தோடு எழுதிப் பாருங்கள், எழுத வராததைச் செய்யாதீர்கள். பல சமயங்களில் இது உதவும். ஆனால் இதை நான் முழுப் பாடமாகத் தரமுடியாது. காரணம், அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் ஒருவரும் சத்தம் போடவில்லை. பாக்கியத்தின் பெயரை யாரும் எடுக்கவில்லை. இனி அசன அரிசியை மொத்தமாகக் கடையில் வாங்கிவிடுவோம், யாரும் கொண்டுவர வேண்டாம் என்று அண்ணாச்சி சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். யாருடைய அரிசியும் வேண்டாம் என்றால் அதில் பாகுபாடு எங்கே? குருவானவர் என்னைப் பார்த்தார். நான் தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தேன். "சபையாரின் சிரமத்தைக் குறைக்கும் பொருட்டு" என்று ஆரம்பித்து எழுதினேன். யாரும் சொல்லித்தரவில்லை, அந்தத் தொடர் என் சொந்தச் சரக்கு. இந்தத் தடவை வார்த்தை தானாக வந்தது. எழுத வந்துவிட்டது என்பதாலேயே ஒரு காரியம் நியாயமாகிவிடாது. கைத்தேர்ச்சி உள்ள எழுத்தனுக்கு எதையும் எழுத வரும். உங்களில் மொழி நன்றாக வருகிறவர்கள்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

மறுஆண்டு, அதே தொடரோடு எழுதிய சுற்றறிக்கையை வாசித்த ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு அறிவிப்புப் பலகையின் கண்ணாடிக் கதவைத் திறந்து அதை ஒட்டிக்கொண்டிருந்தேன். பாக்கியம் வந்து பக்கத்தில் நின்றார். பேரப்பிள்ளை தோளில் தூங்கியது. பலகையை விரல் வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"சிரமம்னு போட்டிருக்கே சார். யாருக்குச் சிரமம்?"

நான் சட்டைப்பையில் பலகைச் சாவியைத் தேடினேன். இரண்டு பையிலும் தேடினேன். சாவி பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.